சாவு வீட்டுக்கு வந்த வெளிச்சம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை என் தலைக்கு மேலே தொங்கிய பல்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். யாராவது திருட்டுத்தனமாக இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் வெளிச்சம் மஞ்சளித்துச் சோர்ந்துபோகும். யாராவது விளக்கை அணைத்தால் என்னுடையது லேசாகத் துள்ளும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். லயத்து வீட்டைக் காம்பரா என்பார்கள்; நாலு காம்பரா தள்ளி ஒருவர் எழுந்து சுவிட்சைத் தட்டியது எனக்கு இங்கே தெரியும். முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு அது பிடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ மூச்சு விடுவதை, கேட்காமலே தெரிந்துகொள்கிற சங்கடம் அது.

மர்மம் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நான் படித்தவள் அல்லவா, காரணம் தெரியும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி என்ற வாயில் நுழையாத பெயருள்ள துறையில் முதுநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சூரியன், காற்று, நீர் எல்லாவற்றையும் சூத்திரங்களாக்கிக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். சக்தி நிலைமாற்றம் என்று ஒரு பாடம். அதற்கு ஒரு படம்: இடது பக்கம் விறகடுப்பு, வலது பக்கம் பல்பு, நடுவே ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார்கள்.

ஆய்வுக்கு நான் கேட்டது றொசல்லவுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் கடைசி டிவிசனை. மேற்பார்வை செய்த பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், குளிருக்கு மட்டும் பயந்தவர்.

“உமக்கு வேற இடமே கிடைக்கேல்லையே? அங்க அட்டையும் பனியும் தவிர என்ன கிடக்கு?” என்றார்.

தலவாக்கலையில் பிறந்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? “அட்டைக்கும் கரண்ட் வேணும் சேர்” என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் மலைகளின் தண்ணீரில் பிறக்கும் மின்சாரம் லயங்களின் கூரைக்கு மேலேயே கம்பியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். கீழே மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான். அந்த டிவிசனில் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை ஸ்டோர் என்ற ஆலை ஒன்று மூடிக் கிடந்தது. அதை ஓட்டுவதற்காக ஓடையை மறித்து அமைத்த பழைய ரோதை, துருப்பிடித்துப் பன்னைப் புதருக்குள் புதைந்திருந்தது. ரோதை என்றால் அங்கே தண்ணீரில் சுழலும் சக்கரம். தோட்டத்து ஆட்கள் கமிட்டி ஒன்று கூடி, எங்கெங்கோ கேட்டு உதவி வாங்கி, அந்த இடத்திலேயே ஒரு சின்ன ரோதையைப் பொருத்திவிட்டார்கள். ஒரு லயத்துக்கு, வீட்டுக்கு ஒரு பல்பு. அந்த மனிதர்கள் மீது எனக்கு இன்றும் பெருமைதான்.

அதன் விதி இது. ஓடைத் தண்ணீர் ஒரே அளவில் விழுகிறது. ரோதை ஒரே அளவு கரண்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதை யாராவது தின்றாக வேண்டும். தின்கிறவர்கள் எழுந்து போய்விட்டால், மிச்சமிருப்பவன் வாயில் எல்லாம் போய்க் கொட்டும். இதைச் சரிபார்ப்பதற்கு ஒரு மின்னணுப் பெட்டி வந்திருந்தது. முதல் இடிமழையிலேயே அது கருகிவிட்டது. மாற்றுப் பெட்டி வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவரைக்கும் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது: ஒரு தகரப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதற்குள் பெரிய சூடேற்றும் கம்பிச்சுருள் ஒன்றை இறக்கிவிட்டார்கள். கரண்டில் பெரும்பங்கை அது தின்றுவிடும். மலையில் நனைந்து விறைத்து வரும் பெண்கள் ஆளுக்கொரு வாளி வெந்நீர் பிடித்துக்கொண்டு போவார்கள். ரோதை ஓடும்போது பீப்பாயை அணைக்கக் கூடாது. பல்பையும் அணைக்கக் கூடாது. கூட்டம் போட்டு நானே தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பீப்பாய் இருந்தது லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால், ஓடைப் பக்கம். அந்த வீட்டுக்காரர்தான் தினமும் தண்ணீர்க் கதவைத் திறந்து மூடுபவர். ரோதைக்காரர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். அதிகம் பேசாத, ஒல்லியான மனிதர். கதவைத் திறப்பதற்கு முன் ரோதை வீட்டு வாசலில் இருக்கும் ரோதமுனிக்குச் சூடம் கொளுத்துவார். ரோதமுனி என்றால் சுண்ணாம்பு பூசிய ஒரு கல், ஒரு சூலம். சுற்றுகிற எந்திரத்துக்குள் கையோ காலோ போய்விடாமல் காக்கிற சாமி. பழைய ரோதை நின்ற பிறகு எத்தனையோ வருடம் சுற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் அந்தச் சாமி சும்மா இருந்ததாம். பனி இறங்கிய பிற்பகலில் நீரோட்டம் அளக்க அங்கே தனியாகப் போவேன். பன்னைக்குள் கிடக்கும் பழைய இரும்புக் குழாய்க்குள்ளிருந்து ஆட்கள் கூடிப் பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு வரும். காற்றுதான். ஆனால் வார்த்தை பிரியும் பிரியும் என்று காத்துக்கொண்டே நிற்பேன். அளவை அரைகுறையாக எடுத்துக்கொண்டு திரும்பிய நாட்களும் உண்டு.

நான் தங்கியிருந்தது லயத்தின் முதல் காம்பராவில். அந்த வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர், வாய்த்துடுக்கு, நான் சாப்பிடாவிட்டால் திட்டுவார். அவருடைய கணவருக்கு இழுப்பு நோய். நாள் முழுக்க இஸ்தோப்புத் திண்ணையில் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பார். அவர்களுடைய ஒரே மகளுக்குக் கொழும்பில் வேலை. இஸ்தோப்பிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது லயத்தின் மறு முனையை. அங்கே இருந்த ரோதைக்காரர் அவருடைய சொந்தத் தம்பி. அண்ணன் தம்பி இருவருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்காவே சொன்னார், ஒருமுறை அல்ல, பலமுறை.

லயத்தில் ஒரு பிணம் கிடந்தால், எடுக்கும் வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. பங்காளி வீட்டில் எரிந்தால் அது செத்தவரின் முகத்தில் துப்பிய மாதிரி. ரோதைக்காரரின் முதல் குழந்தை, நடக்கத் தொடங்கியிருந்த பெண் பிள்ளை, காய்ச்சலில் இறந்தது. அந்தப் பிள்ளை கிடத்தப்பட்டிருந்த அன்று அக்கா வீட்டுத் தகரக் கூரையிலிருந்து புகை வந்ததாம். தம்பியின் மனைவி அதைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாளாம். அண்ணன் அன்று மலையில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அக்காதான்.

“அது பொகை இல்ல மிஸ், பனி. நம்ம கூரைல பனி எப்படி எறங்குதுன்னு நீங்களே பாக்கிறீங்கல்ல?” என்பார். சொல்லிவிட்டு நான் நம்பினேனா என்று என் முகத்தையே பார்ப்பார். நான் தலையாட்டுவேன். உண்மையிலேயே அங்கே பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் தகர இடுக்குகளில் ஒரே மாதிரித்தான் புரளும்.

“எங்க வீட்டுல ஒரு சாவு விழட்டும், அவன் வீட்டுல பொகை வருதா இல்லியான்னு பாப்போம். வரும். கட்டாயம் வரும்” என்றும் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் துடுக்கு போய்விடும். கணவரின் இழுப்பு ஒவ்வொரு முறை கூடும்போதும் அக்காவின் கண் கடைசிக் காம்பராவின் கூரைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மனிதர் உயிரோடு இருக்கையிலேயே இந்தக் கணக்கா என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் அக்காவுக்கு அதுதான் பெரும் பயமாக இருந்தது. அந்தக் கூரையில் புகை வந்துவிட்டால் பகை சாவோடும் முடியாது என்று ஆகிவிடும்.

ஒரு மழைக்காலத்து விடியலில் அக்காவின் கணவர் இறந்தார். மகள் கொழும்பிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதால் அடக்கம் மறுநாள் என்று முடிவாயிற்று. அன்று பனி விலகவே இல்லை. கடைசிக் காம்பரா இருக்கிற திசையே தெரியவில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார். வெள்ளையாகத் தெரியும். மறுபடி குனிந்துகொள்வார்.

பிற்பகலிலேயே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. வழக்கமாக மாலையில்தான் ரோதை ஓடும்; அன்று அதற்கு வெகு முன்னதாகவே அதன் இரைச்சல் கேட்டது. பிணத்துக்கு மேலே பல்பு எரிந்தது. தம்பி சாவு வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை, ஆனால் அண்ணன் இருட்டில் கிடக்க வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அவ்வளவாவது செய்தாரே என்று நினைத்தேன்.

மாலையானதும் லயத்து ஆட்கள் ஒவ்வொரு வீடாக வந்து கூடினார்கள். அப்போதுதான் பல்பு துள்ளத் தொடங்கியது. ஒரு வீட்டார் உள்ளே வருவார்கள், அதற்குச் சற்று முன் ஒரு துள்ளல். இன்னொரு வீட்டார், இன்னொரு துள்ளல். எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “ஏன் லைட்ட அமத்திட்டு வர்றாங்க?” என்று காதோரம் கேட்டேன்.

“முந்தியெல்லாம் குப்பி லாம்ப ஊதி அணைச்சு, எண்ணெய இங்க கொண்டாந்து ஊத்துவோம் மிஸ். ராவெல்லாம் இங்க வெளக்கு எரியணும்ல. கரண்ட எப்படித் தூக்கிட்டு வர்றது? அதான் அமத்திட்டு வர்றோம்.”

கூட்டம் போட்டு நான் கத்திய கத்தல் எங்கே போயிற்று என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் சாவு வீட்டில் எழுந்து நின்று மின்னழுத்தம் பற்றிப் பிரசங்கம் செய்ய முடியுமா? பீப்பாய் இருக்கிறது, அது தாங்கும் என்று சமாதானப்பட்டுக்கொண்டேன். வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறிக்கொண்டே வந்தது. வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒப்பாரி உச்சத்தில் இருந்தது.

பிறகு ஒரு பெரிய துள்ளல்.

அந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வேன். வெள்ளைகூட இல்லை, நீலம் கலந்த ஒன்று. சுவரில் உட்கார்ந்திருந்த பெண்களின் நிழல்கள் வெட்டி ஒட்டியதாகக் கறுத்தன. ஒப்பாரி பாதியில் நின்றது. எல்லாரும் மேலே பார்த்தார்கள், பிறகு கண் கூசிக் கீழே பார்த்தார்கள், அவர் முகத்தை. மழிக்காத தாடியின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. நெற்றிக் காசு மின்னியது. முழுக்க மூடாமலிருந்த ஓர் இமைக்குக் கீழே, இருக்கக் கூடாத ஒரு பளபளப்பு. பனிக்குள் எங்கேயோ ரோதை வீறிட்டு ஏறிக்கொண்டே போன சத்தம் கேட்டது. எனக்கு எல்லாச் சூத்திரமும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மனிதர் எழுந்து உட்காரப்போகிறார் என்று நம்பினேன்.

பல்பு வெடித்தது. கண்ணாடித் தூள் கோடித் துணியிலும் அவர் முகத்திலும் விழுந்தது. தலைமாட்டில் இருந்த எண்ணெய் விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. ரோதையின் வீறிடல் சட்டென்று இறங்கி அடங்கியது. யாரோ ஓடிப்போய்த் தண்ணீர்க் கதவை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெறும் ஓடைச் சத்தம்தான் கேட்டது. அக்கா குனிந்து கணவரின் கன்னத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளை முந்தானையால் ஒவ்வொன்றாக எடுத்தார்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. தம்பி தோள் கொடுக்க வரவில்லை. எல்லாருக்கும் பின்னால், பனிக்குள் தெரிந்தும் தெரியாமலும் நடந்து வந்தார். இடுகாட்டில் தேயிலைச் செடிகளுக்கு அப்பால் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு லயத்தில் பேச்சு ஒன்றுதான். ரோதமுனிக்குச் சேவல் அறுக்காமல் புதிய ரோதையைச் சுற்றவிட்டதால் சாமி ஆளெடுக்கிறது என்றார்கள் சிலர். செத்தவருக்கு ஆங்காரம் அடங்கவில்லை என்றார்கள் பலர். அக்கா வீட்டுக் கூரையைப் பார்க்காமல் கடந்து போனார்கள். கமிட்டி கூடி ரோதையை நிறுத்தியது. குப்பி லாம்புகள் திரும்பி வந்தன. லயம் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. என் ஆய்வு அந்தரத்தில் தொங்கியது. அதைவிட, இத்தனை பாடுபட்டு வந்த வெளிச்சம் இப்படிப் போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அக்கா வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“அன்னைக்கு அவன் வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கு மிஸ். நமக்குத்தான் பனியில தெரியல. பொணமாக் கெடந்தவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் வெடிச்சாரு.”

“அக்கா, அது பல்பு. அவரு இல்ல.”

“பல்பு ஏன் அவரு தலைக்கு மேல மட்டும் வெடிக்கணும்?”

மகளோடு கொழும்புக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். வேலைப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டால் காம்பரா தோட்டத்துக்குப் போய்விடும். போகட்டும் என்றார். அந்தக் கடைசிக் காம்பராவின் கூரையைப் பார்த்துக்கொண்டு இனி இங்கே இருக்க முடியாது என்றார். துணிகளை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். மூட்டையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பேயை நான் விரட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

கமிட்டியிடம் கெஞ்சி, ஒரே ஒரு பகல் ரோதையை ஓடவிட அனுமதி வாங்கினேன். ஹட்டன் கடைவீதியில் புது பல்புகள் வாங்கி வந்து, வெடித்த இடத்திலேயே ஒன்றை மாட்டினேன். எல்லா வீட்டாரையும் ஒவ்வொருவராகப் பல்பை அணைக்கச் சொன்னேன். ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வர ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. என் வெளிச்சம் வெளுத்துக்கொண்டே போனது. நானும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுதான் நின்றேன், பொய் சொல்வானேன். கடைசி வீடும் அணைந்தது. பல்பு கண் கூசும்படி எரிந்தது.

ஆனால் வெடிக்கவில்லை. மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். அழுத்தம் அதிகம், ஆனால் தாங்குகிற அளவு. வெகுநேரம் காத்திருந்தும் அப்படியே எரிந்தது. பீப்பாய் தன் பங்கைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படியென்றால் அன்று பீப்பாயும் அணைந்திருக்க வேண்டும்.

பின்னாளில் என் ஆய்வேட்டில் இதை ஒரே வரியில் எழுதினேன், மின்பாரம் முழுவதும் ஒரேநேரத்தில் நீங்கியதால் மின்னழுத்தம் எகிறியது என்று. பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்து, “ஏன் முழுசாக் கழண்டது எண்டு எழுதேல்லையே?” என்று கேட்டார். அதற்கு ஆதாரம் தர என்னிடம் அளவீடு இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சோதனை முடிந்த கையோடு, கம்பிச்சுருள் பழுதா என்று பார்க்க நான் முதலில் ரோதைக்காரரிடம்தான் போனேன். “அன்னைக்கு பீப்பா தானா நின்னுச்சாண்ணே?” என்றேன். “எனக்கு ஒன்னும் தெரியாதுங்க மிஸ்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுருள் நன்றாகவே இருந்தது. சுவிட்சும் நன்றாக இருந்தது. யாரோ கையால் இறக்காமல் அது இறங்காது.

திரும்பி வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேயும் இல்லை, முனியும் இல்லை; பல்புகளை அணைத்தது மட்டும் போதாது, பீப்பாயையும் அணைத்தால்தான் அப்படி வெடிக்கும் என்று விளக்கினேன். வகுப்பில்கூட நான் இவ்வளவு தெளிவாகப் பேசியது கிடையாது. அக்கா மூட்டையின் முடிச்சைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பீப்பா சுவிச்சு யாரு கையில இருக்கு?” என்றார்.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. “அவரு கையில.”

“அணைச்சா வெடிக்கும்னு அவனுக்குத் தெரியுமா?”

“கூட்டத்துல சொன்னேன் அக்கா.”

“அப்ப வேணுமின்னே செஞ்சிருக்கான்” என்றார். குரல் உயரவே இல்லை. “பொகை விட்டாக்கூட தாங்கியிருப்பேன். அண்ணன் மொகத்துல கண்ணாடிய எறிஞ்சிருக்கான்.”

பேய் இருந்திருந்தாலே தேவலாம் என்று எனக்கு அந்த நொடியில் தோன்றியது. என் படிப்பு அந்தப் பெண்ணிடமிருந்து செத்தவரின் கோபத்தைப் பிடுங்கிவிட்டு, உயிரோடிருக்கிற ஒருவரின் குரோதத்தைக் கையில் கொடுத்திருந்தது. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். லயத்தின் நீளம் முழுக்க அவர் வேகமாக நடந்தார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பனிக்குள் எங்களுக்கு முன்னால் எதுவுமே தெரியவில்லை.

கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் ஆவி பனியோடு கலந்ததில் ரோதைக்காரர் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார். நடுவே தண்ணீர் ஓடும் கான் ஒன்று. அக்கா இந்தப் பக்கமே நின்றுவிட்டார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை.

“அன்னைக்கு பீப்பாய அமத்துனது நீதானா?”

அவர் நிமிர்ந்தார். எப்போதோ வரும் என்று எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்ட முகம் அது.

“ஆமாங்க மதினி.”

“ஏன்?”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு பீப்பாயைப் பார்த்தார். பதில் சொல்ல வெட்கப்படுகிறவரைப் போல இருந்தது.

“பொணம் கெடக்குதுங்களே மதினி. அதுவும் அடுப்புதானே.”

கூட்டத்தில் நான் அதைப் பாரம் என்றேன், சுருள் என்றேன், பீப்பாய் என்றேன். தண்ணீர் சுட வைக்கிற ஒன்றுக்கு அவர்கள் வீட்டில் என்ன பெயர் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

“எல்லார் வீட்டு அடுப்பும் அணைஞ்சிருச்சு. இது மட்டும் கொதிச்சுக்கிட்டு கெடந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. வெடிக்கும்னு மிஸ் சொன்னாங்க, அப்ப அது நெனப்புக்கே வரலிங்க. ரோத கத்துன பொறகுதான் ஓடினேன். அண்ணன் மொகத்துல கண்ணாடி விழுந்துச்சுன்னு சொன்னாங்க. அந்த மொகத்த வந்து பாக்கக்கூட எனக்குத் தைரியம் வரல.”

ஆவி அடர்ந்து அக்காவை மூடியது, விலகியது. அவர் மறுபடி பேசியபோது குரல் வேறு யாருடையதோ என்று நினைத்தேன்.

“அன்னைக்கு வந்தது பனி இல்ல தம்பி. ஒன் புள்ள கெடக்கையில நான்தான் அடுப்ப மூட்டுனேன். எம்புள்ளைக்கும் அதே காய்ச்ச. காலையிலேருந்து தொண்டையில ஒன்னும் எறங்கல. இதுவும் போயிருமோன்னு பயந்துட்டேன். பனியில தெரியாதுன்னு நெனச்சேன்.”

“தெரியும்ங்க மதினி” என்றார் அவர். “கஞ்சி வாசம் வந்துச்சு.”

அக்கா கானைத் தாண்டி அவரிடம் போனார்.